ஊர்க் கணினி வகுப்பு: கேள்வியும் பதிலும்

நூலகத்திலும் மகளிர் குழுக் கட்டடத்திலும் கோயில் மண்டபத்திலும் கணினி வகுப்பு நடத்துகிறவர்களிடம், நடைமுறையில் எங்கே முட்டுகிறது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

ஓர் அலுவலகம் 12 பழைய டெஸ்க்டாப்களை எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. எல்லாம் 2013, 2014 வாக்கில் வாங்கியவை. 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. இதை வைத்து வகுப்பு ஓட்ட முடியுமா?
– இளைஞர் மன்றம், பெரம்பலூர் மாவட்டம்

ஓட்டலாம். ஆனால் பன்னிரண்டும் ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள். எட்டு தேறினால் போதும். மிச்சம் நான்கையும் உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அவற்றின் அருமை தெரியும்.

முதல் வேலை தூசி. பெட்டியைத் திறந்து வாசலுக்குக் கொண்டுபோய், காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போகும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் கழற்றித் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். எறும்பு, பல்லி, எலிக்கடி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிக் கிடந்த கணினிகள் செத்ததற்கு வைரஸைவிட எலியே பெரிய காரணம்.

பட்டனை அமுக்கினால் 'பீப், பீப்' என்று கத்திவிட்டுத் திரை இருட்டாகவே இருந்தால், பெரும்பாலும் ராம்தான். கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பாதிப் பெட்டிகள் இதிலேயே உயிர் பெறும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். மந்தத்துக்கு முழுப் பொறுப்பும் அதுதான். 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்டை (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறந்து, 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்' விவரத்தைப் பாருங்கள். 'ரீஅலோகேட்டட் செக்டர்' என்ற வரியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். பணம் கொஞ்சம் இருந்தால் அத்தனையையும் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாற்றிவிடுங்கள். ராமைக் கூட்டுவதைவிட இதில்தான் வித்தியாசம் தெரியும். ஐந்து நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 14.10.2025-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். உங்கள் பெட்டிகளில் அது இருக்காது. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பு 2 ஜிபி ராமிலேயே ஓடும், 4 ஜிபியில் தாராளம். அதோடு வரும் லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிக்கலாம், கணக்குப் போடலாம். வெளியே அனுப்பும் கோப்பை மட்டும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் 'டாக்எக்ஸ்' வடிவில் சேமிக்கப் பழக்குங்கள். இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டரில் திறக்கவில்லை என்று திரும்பி வருவார்கள்.

இன்னொன்று. பழைய டிஸ்கில் அந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியல், ஊழியர் ஆதார் நகல் எல்லாம் கிடக்கும். அழித்தால் மட்டும் போதாது, முழு டிஸ்கையும் ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்புங்கள். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுப் போகலாம்.

கணினிப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. எலக்ட்ரீஷியன் 'ஒன்றுமில்லை, செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்' என்கிறார்.
– மகளிர் கூட்டமைப்பு, திண்டுக்கல் மாவட்டம்

செருப்பு தீர்வு இல்லை. எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள்.

உங்கள் பிளக்கில் மூன்றாவது கால் இருக்கும். ஆனால் சுவரில் அந்தத் துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது, அல்லது அறுந்திருக்கும். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் இரண்டு உண்டு. எர்த் இல்லாதபோது அவை பெட்டியின் இரும்பு உடம்பை 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதிக்குக் கொண்டுவந்துவிடும். கசியும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத இடத்தில் உள்ளே ஒரு ஒயர் பிய்ந்து இரும்பில் பட்டால் முழு மின்சாரமும் கைக்கு வரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. கூடுதலாகக் காட்டினாலோ எண் நிலையில்லாமல் ஆடினாலோ எர்த் குழியைப் பார்க்க வேண்டும். சரியாகும் வரை வகுப்பை நிறுத்துங்கள். கையோடு, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிடுங்கள், 30 மில்லி ஆம்பியர்.

எல்சிடி திரையோடு ஒரு டெஸ்க்டாப் சுமார் 100 வாட் இழுக்கும். பத்துக் கணினிக்கு ஒரு கிலோவாட், அதாவது நாலரை ஆம்பியருக்குள்தான். ஆனால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகிக் கோத்துக்கொண்டே போனால் முதல் பெட்டி சூடாகி உருகும். லேசர் பிரிண்டரை ஒருபோதும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். சூடேறும்போது ஒரே இழுப்பாக இழுக்கும். யுபிஎஸ் 'கீ' என்று கத்திவிட்டு அத்தனை கணினியையும் சேர்த்து அணைத்துவிடும்.

எங்கள் வகுப்புக்கு வருபவர்கள் 40 முதல் 60 வயதுப் பெண்கள். மவுஸைப் பிடித்தாலே கை நடுங்குகிறது. முதல் வாரத்திலேயே 'இது நமக்கு ஆகாது' என்று போய்விடுகிறார்கள். முதல் நாள் என்ன சொல்லித்தரலாம்?
– தன்னார்வலர், திருவண்ணாமலை

என்ன சொல்லித்தரக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறோம். 'கணினியின் பாகங்கள், சிபியு என்பது மூளை' என்ற பாடத்தைத் தூக்கிப் போடுங்கள். தையல் மெஷினில் உட்காருகிறவளுக்கு முதலில் துணியைக் கொடுக்கிறோமா, மோட்டார் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோமா?

முதல் நாள் ஒரே வேலை. அவரவர் பெயரையும் ஊரையும் தமிழில் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பயிற்றுநர் கோப்பைத் திறந்தே வைத்திருக்கட்டும். 72 அளவு எழுத்தில் தன் பெயர் தாளில் வருவதைப் பார்த்தவர் மறுநாளும் வருவார்.

கை நடுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வயதல்ல, மவுஸின் அமைப்பு. இளைஞர்களுக்கான வேகத்தில் அம்பு பறக்கிறது, பிடிக்க முடியாமல் இவர்கள் இறுக்குகிறார்கள், இறுக்கினால் நடுங்கும். அமைப்புகளில் அம்பின் வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். இரட்டைச் சொடுக்குக்கான இடைவெளியைக் கூடியமட்டும் நீட்டுங்கள். முடிந்தால் இரட்டைச் சொடுக்கே வேண்டாம், ஒரே சொடுக்கில் திறக்கும்படி வைத்துவிடலாம். லினக்ஸ் மின்டின் கோப்பு மேலாளரில் அதற்கு வசதி இருக்கிறது. அம்பின் உருவத்தையும் பெரிதாக்குங்கள்.

கையைப் பாருங்கள். மணிக்கட்டு மேசையில் படிந்திருக்க வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருபக்கமும் பிடிக்க, ஆள்காட்டி விரல் இடது பொத்தானில் சும்மா கிடக்க வேண்டும். பலர் அமுக்கும்போது மவுஸையும் சேர்த்து நகர்த்திவிடுவார்கள். கோப்பு திறக்காமல் வேறிடத்துக்கு இழுபட்டுவிடும். 'முதலில் நிறுத்து, பிறகு அமுக்கு' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். சீட்டு அடுக்கும் சாலிடேர் விளையாட்டை இரண்டு நாள், அரை மணி நேரம் விடுங்கள். இழுத்து வைப்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் 'சீட்டாடுகிறார்களே' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு கணினிக்கு இருவர் என்றால், நன்றாகத் தெரிந்தவர் கையில்தான் மவுஸ் போய் உட்காரும். மற்றவர் ஐந்து வாரமும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். 'தெரிந்தவர் வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது' என்பது விதி. இது பயிற்றுநருக்கும் பொருந்தும். கற்பவர் தடுமாறும்போது மவுஸைப் பிடுங்கி 'இப்படித்தான்மா' என்று செய்து காட்டும் பழக்கம் நல்ல வகுப்புகளையும் கெடுக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

தமிழில் அடிக்க எந்தக் கீபோர்டைச் சொல்லித்தருவது? 'அம்மா' என்பதற்கு ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் வருவதுதான் சுலபம் என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர்.
– நூலகர், சிவகங்கை மாவட்டம்

அவருக்கு அது சுலபம்தான், ஏனென்றால் அவருக்கு ஆங்கில எழுத்து தெரியும். எட்டாவதோடு நின்று இருபது வருடம் ஆன ஒருவருக்கு, 'ழ' எழுத எந்த ஆங்கில எழுத்து என்று யோசிப்பது இரட்டைச் சுமை. ஆங்கிலத்தில் தட்டிப் பழகியவர்களை அப்படியே விட்டுவிடுங்கள். தமிழ் மட்டும் வாசிப்பவர்களுக்குத் தமிழ் 99.

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கை, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கை. உயிர்மெய்க்குத் தனி விசை இல்லை. 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி'. ஒன்றாம் வகுப்பில் படித்த அதே கணக்கு.

விரலை வைக்கும் நடு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொரு விசைகளைக் கொண்டே முதல் மூன்று வகுப்புகளை ஓட்டலாம். மதி, தம்பி, உப்பு, பந்து, கம்பு, நகம், பயம், இதயம் எல்லாம் விரல் வரிசை மாறாமலே வரும். காரணம், புள்ளி தானாக விழும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவது புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. உப்பு என்றால் உ, ப, ப, உ. தம்பி என்றால் த, ம, ப, இ. நான்கே தட்டு. 'அக்கம்பக்கம்' என்ற நீளமான சொல்லுக்கு ஒன்பது தட்டு, அதில் கடைசி 'ம்'முக்கு மட்டும்தான் புள்ளி விசையைத் தேட வேண்டும். இதை அடித்துக் காட்டுங்கள், வகுப்பு கலகலப்பாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'மமதை' என்று அடித்தால் 'ம்மதை' என்று விழும். முதல் 'ம'வுக்குப் பிறகு ஒரு 'அ' தட்டிவிட்டால் புள்ளி வராது. அபூர்வமாகத்தான் தேவைப்படும். கேட்டால் சொல்லுங்கள்.

கணினியில் போடும்போது ஒரு சிக்கல். லினக்ஸ் மின்டில் விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் 'தமிழ்நெட் 99'-ஐச் சேர்த்தால் தானியங்கிப் புள்ளி வேலை செய்யாது. 'ஐபஸ்' என்ற உள்ளீட்டு முறையையும் 'எம்17என்' தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ் 99-ஐச் சேருங்கள். விண்டோஸுக்கு இ-கலப்பை என்ற இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இருக்கிறது. எதைப் போட்டாலும் சோதனை ஒன்றுதான்: ஆங்கில விசைப்படி ஏ, கே, கே, க்யூ என்று தட்டுங்கள். 'அம்மா' வந்தால் சரி, 'அமமா' வந்தால் தவறானதைப் போட்டிருக்கிறீர்கள்.

விசைமேல் ஒட்டும் தமிழ் எழுத்துத் தாள் கடைகளில் கிடைக்கிறது. ஒட்டுங்கள். பார்த்து அடித்தால் கெட்டுப்போவார்கள் என்பது தட்டச்சுப் பள்ளிக் காலத்துக் கண்டிப்பு. வேலை ஆக வேண்டியவர்களுக்கு அது தேவையில்லை.

பஞ்சாயத்தில் கொடுத்த பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஏதோ வருகிறது. வைரஸா?
– கணினி இயக்குபவர், கடலூர் மாவட்டம்

வைரஸ் இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை அவை. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுகள்தான். தமிழ் முகமூடியைப் போட்டது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடுகிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்துகொண்டு, யூனிகோடு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடு) மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் கொம்பும் ஆங்கில எண்களும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை வாசியுங்கள். இனி அடிப்பதெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

பார்வையற்ற இளைஞர் ஒருவர் சேர வந்திருக்கிறார். எங்களுக்கு அனுபவம் இல்லை. சிறப்புப் பள்ளிக்கு அனுப்பலாமா?
– பயிற்றுநர், மதுரை

சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டியது ஒரு கணினி, ஒரு ஹெட்போன், என்விடிஏ என்ற இலவச மென்பொருள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. இன்று உலகெங்கும் பயன்படுகிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். இது விண்டோஸுக்கானது. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் 'ஆர்கா' இருக்கிறது என்றாலும், வேலைக்குப் போகும் இடத்தில் பெரும்பாலும் விண்டோஸ்தான் இருக்கும். ஆகவே ஒரு கணினியையாவது விண்டோஸ் 11 ஓடும் புதியதாக வாங்கி அவருக்கு ஒதுக்குங்கள்.

நிறுவியவுடன் வரும் இ-ஸ்பீக் தமிழ்க் குரல் தகரத்தைத் தட்டுவது போலிருக்கும். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழையும் அதன் பேச்சுத் தொகுப்பையும் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற தமிழ்க் குரல் வரும். என்விடிஏ அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் குறைத்து வையுங்கள். பழகப் பழக அவரே கூட்டிக்கொள்வார், ஒரு கட்டத்தில் உங்களுக்கு ஒன்றும் புரியாத வேகத்தில் கேட்பார்.

முதல் நாள்: ஆங்கில எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேட்டை விரலால் தொட்டுக் காட்டுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் என்விடிஏ பேசத் தொடங்கும். இன்சர்ட்டும் 1-ம் சேர்த்து அமுக்கினால் பயிற்சி நிலை. அப்போது எந்த விசையைத் தொட்டாலும் பெயரை மட்டும் சொல்லும், எதுவும் நடக்காது. அந்த நிலையில் அவரைத் தனியாக அரை மணி நேரம் விடுங்கள். பேச்சை நிறுத்த கன்ட்ரோலை ஒருமுறை தட்டினால் போதும். இதைச் சொல்லாமல் விட்டால், நீங்கள் பேசுவதும் கணினி பேசுவதும் கலந்து தலை வலிக்கும். ஹெட்போனையும் ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள்.

மவுஸை அவர் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்களும் அதைப் பிடிக்காமல் விசைகளாலேயே சொல்லித்தர வேண்டும். பயிற்றுநர் தடுமாறுவது இங்கேதான். 'இங்கே சொடுக்கு' என்ற வாக்கியமே வரக் கூடாது. டேப், அம்பு விசைகள், என்டர், ஆல்ட்டும் டேபும். இவற்றைக் கொண்டே எல்லாம் நடக்கும். திரையை அணைத்துவிட்டு ஒரு கடிதத்தை நீங்களே அடித்து முடித்துப் பாருங்கள், பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும். அவர் நிரப்பும் பதிவுப் படிவங்களில் எழுத்தைப் படமாகக் காட்டி 'இதை அடி' என்று கேட்கும் பூட்டு வரும். என்விடிஏவால் அதைப் படிக்க முடியாது. ஒலி வழி இருந்தால் அதைத் தேடச் சொல்லுங்கள். இல்லாத தளங்கள்மேல் புகார் எழுதவும் சொல்லித்தாருங்கள், அதுவும் தட்டச்சுப் பயிற்சிதான்.

ஒரே ஒரு செல்போன் ஹாட்ஸ்பாட்தான் இருக்கிறது. எட்டுக் கணினி. வகுப்பு தொடங்கி இருபது நிமிடத்தில் நாள் டேட்டா தீர்ந்துபோகிறது.
– தன்னார்வலர், நீலகிரி மாவட்டம்

பாடம் தின்பதில்லை, புதுப்பிப்பு தின்கிறது. விண்டோஸ் கணினி இணையத்தைக் கண்டதும் நூற்றுக்கணக்கான எம்பியை இழுக்கத் தொடங்கும். எட்டும் சேர்ந்து இழுத்தால் 2 ஜிபி எம்மாத்திரம்? வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவுள்ள இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். லினக்ஸில் புதுப்பிப்பைக் கைமுறைக்கு மாற்றி, மாதம் ஒருநாள் யார் வீட்டு பிராட்பேண்டிலாவது போட்டுக்கொள்ளுங்கள்.

காணொளியை ஆளுக்கொரு திரையில் ஓட்டாதீர்கள். தரத்தைக் குறைத்தாலும் ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் சில நூறு எம்பி போகும். ஒரு திரையில் எல்லாரும் பார்க்கட்டும். தேடிப் படிக்கும் பயிற்சிக்கு, இணையமின்றிப் படிக்க உதவும் 'கிவிக்ஸ்' செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் எல்லாக் கணினிக்கும் கொடுத்துவிடலாம், இணையமே தேவையில்லை. மின்னஞ்சல், படிவம் நிரப்புவது போன்ற இணைய வேலையை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கி, நான்கு நான்கு பேராக விடுங்கள்.

'பிரதமரின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், சான்றிதழோடு 20 மணி நேர வகுப்பு' என்று சொல்லி எங்கள் ஊரில் ஆளுக்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். சேரலாமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

வேண்டாம். பிஎம்ஜிதிஷா என்ற அந்தத் திட்டம் 2017-ல் தொடங்கி 31.3.2024-ஓடு முடிந்துவிட்டது. நடந்தபோதும் கற்பவருக்கு அது இலவசம். கிராமத்துக் குடும்பத்துக்கு ஒருவர், வயது 14 முதல் 60, ஆறு கோடிப் பேர் என்ற இலக்கோடு நடந்தது. அந்தப் பெயரைச் சொல்லி இப்போது யார் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்து வார வகுப்பு. 20 பேர் சேர்ந்தார்கள், மூன்றாம் வாரம் 7 பேர். ஆர்வம் இல்லையா?
– பொறுப்பாளர், தஞ்சாவூர் மாவட்டம்

ஆர்வத்தைக் குறை சொல்வதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறு மணி வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உலை வைக்கிற நேரம், பிள்ளைகள் பசியோடு வருகிற நேரம், தெருவிளக்கு இல்லாவிட்டால் திரும்பிப் போகப் பயப்படுகிற நேரம். நூறு நாள் வேலை நடக்கும் மாதங்களில் மதியம் இரண்டரைக்குமேல், மற்ற நாளில் காலை பதினொன்றுக்கு என்று அவர்களையே கேட்டு வையுங்கள். வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் போதும். நடவு, அறுப்பு வாரங்களில் வகுப்பே வேண்டாம். ஒரு பாய், நாலு பொம்மை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் வருகை கூடும்.

அடுத்தது இடம். யார் வீட்டுத் திண்ணை, எந்தத் தெருக் கட்டடம் என்பது யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்து ஊர் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, தலித் மக்கள் உட்பட எல்லாரும் தடையின்றி வரக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தது. அவற்றில் ஒன்றான எம்பலம் கிராமத்தில் கோயில் வளாகத்தில் இருந்த மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர் கொடுத்த இலவச அறை என்று நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். காலனியிலிருந்து எத்தனை பேர் அந்தப் படியேறினார்கள் என்று வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பாடம். மூன்றாம் வாரத்தில் நீங்கள் அட்டவணை போடச் சொல்லித்தருகிறீர்கள். அவருக்கு அட்டவணை எதற்கு? குழுக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதே சந்தா, அதே கடன், அதே வட்டியைப் போடச் சொன்னால் கூட்டல் சூத்திரம் தானே விளங்கும். சேரும்போதே 'கணினியில் உங்களுக்கு ஆக வேண்டிய ஒரு வேலை என்ன?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டா பார்ப்பது, பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம், மகனுக்குப் போட்டோ அனுப்புவது என்று வரும். பாடத்திட்டம் அதுதான். அதே புதுச்சேரி மையங்களில் வீராம்பட்டினம் மீனவர்களுக்குப் பிடித்தது கணினி அல்ல. இணையத்தில் எடுத்து ஒலிபெருக்கியில் சொன்ன அலை உயரம். 2004 சுனாமியன்று நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றியதும் அந்த ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரிலிருந்து வந்த போன் எச்சரிக்கையை மையத்தைத் திறந்து ஊருக்கே சொன்னார்கள்.

பொதுக் கணினியில் ஆதார், வங்கி வேலையெல்லாம் பார்க்கலாமா? ஏமாற்றுப் பேர்வழிகள் பற்றி எப்படிச் சொல்லித்தருவது?
– மகளிர் குழு ஊக்குநர், சேலம் மாவட்டம்

ஆதார் பார்க்கலாம், வங்கி வேண்டாம். இறக்கிய இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான். அறிமுகமானவர் யாரும் ஊகித்துவிடலாம். 'டவுன்லோட்ஸ்' அறையில் அது கிடந்தால் அடுத்து உட்காருகிறவர் கையில் போய்விடும். எனவே உலாவியை விருந்தினர் நிலையில் திறப்பது, பிரிண்ட் எடுத்ததும் கோப்பை அழிப்பது, குப்பைத்தொட்டியையும் காலி செய்வது ஆகிய மூன்றும் ஒரே பாடம். நகல் கேட்கிற இடமெல்லாம் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மோசடி பற்றிச் சொற்பொழிவு பயன்படாது, நடித்துக் காட்டுங்கள். பயிற்றுநர் ஒருவர் பக்கத்து அறையிலிருந்து போன் செய்யட்டும்: 'அக்கா, உங்க கணக்குல அஞ்சாயிரம் போடணும், வந்த மெசேஜ்ல பின் நம்பரைப் போடுங்க.' வகுப்பில் பாதிப் பேர் போடப் போவார்கள். அப்போது நிறுத்திச் சொல்லுங்கள்: யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. பின் கேட்டால் பணம் போகிறது. கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண பாக்கி என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) எக்காரணம் கொண்டும் நிறுவக் கூடாது. பணம் போய்விட்டால் அழுது உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் கிடைக்கும். அந்த எண்ணை வகுப்பிலேயே எல்லார் போனிலும் சேமிக்க வையுங்கள்.

எங்கள் மையத்துச் சான்றிதழுக்கு அரசு வேலையில் மதிப்பு உண்டா?
– கற்பவர், அரியலூர்

இல்லை. தட்டச்சர் போன்ற பணிகளுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வும் 'கணினி அலுவலகத் தானியக்கம்' தேர்வும்தான் கணக்கு. அதற்கு உங்கள் மையத்தில் அடித்தளம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு கணினியில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை. 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. மற்றவற்றில் அதே இணையம் நன்றாக வருகிறது.
– தன்னார்வலர், தேனி

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2010, 2012 என்று ஏதோ காட்டும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி பழைய வருடத்தில் இருந்தால் 'இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று நம்ப மறுக்கிறது. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கி, பக்கத்தில் இருக்கும் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி வெளியே வரும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வைத்துத் தேதியைத் திருத்துங்கள். தானமாக வந்த மற்ற பெட்டிகளும் ஏறக்குறைய அதே வயதுதானே, கடைக்குப் போனதே போனோம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.